பெரிய கணித மாதிரியைச் சுருக்கி வேகமாக ஓட்டுவது: அடையாற்று வெள்ளத்தையும் மீஞ்சூர் நிலத்தடி நீரையும் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி ஒன்று, மூன்று நாள் மழையை ஓட்டி முடிக்க 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டுக்கு அது போதும். செம்பரம்பாக்கம் ஏரியில் இன்றிரவு எத்தனை கன அடி திறப்பது என்று முடிவெடுக்க வேண்டியவருக்குப் போதாது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் விடப்பட்டது. அப்படி ஓர் இரவில், ‘இப்போது திறந்தால் சைதாப்பேட்டையில் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரும்?’ என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வர வேண்டும். ஒரே பதிலும் போதாது. மழை கூடினால், குறைந்தால், கடலில் ஓதம் ஏறியிருந்தால் என்று நூறு பதில்கள் வேண்டும்.

இன்னும் பெரிய கணினி வாங்குவது ஒரு வழி. மாதிரியையே சுருக்குவது மற்றொரு வழி. இது இரண்டாவது வழிக்கான வழிகாட்டி. வகைக்கெழுச் சமன்பாடும் அணிகளும் ஓரளவு பழகியவர்களை, குறிப்பாக பொறியியல் முடித்துவிட்டு சிமுலேஷன் வேலைக்கு வந்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரகடத்திலும் அம்பத்தூரிலும் வாகன உதிரிபாகங்களை வடிவமைப்பவர்களுக்கு இந்தக் கலை புதிதல்ல. 1965-இல் வந்த கயான் சுருக்கமும், 1968-இல் வந்த கிரேக்–பாம்ப்டன் முறையும் அதிர்வுக் கணக்குகளில் அன்றாடம் பயன்படுபவை. நான் எடுத்துக்கொள்வது தண்ணீரை. அடையாற்றில் வெள்ளம் ஒன்று. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீர் மற்றொன்று. இரண்டுமே தண்ணீர்தான் என்றாலும், ஒன்று சொன்னபடி சுருங்கும், மற்றொன்று முரண்டு பிடிக்கும். உங்கள் கையில் இருப்பது இவற்றில் எந்த வகை என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘வெள்ளத்தை மாதிரியாக்க வேண்டும்’ என்பது கேள்வி ஆகாது. ‘சைதாப்பேட்டைப் பாலத்தருகே உச்ச நீர்மட்டம் எவ்வளவு, எப்போது, 20 செ.மீ. பிழை வரை பொறுக்கலாம்’ என்பது கேள்வி. அளவு எது, இடம் எது, பொறுக்கக்கூடிய பிழை எவ்வளவு, எந்தெந்த உள்ளீடுகள் எந்த எல்லைக்குள் மாறும் ஆகிய நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும். அது இல்லாமல் சுருக்கத் தொடங்கினால் எதைக் கழிக்கலாம் என்பதற்கு அளவுகோலே இருக்காது. உச்ச நீர்மட்டத்துக்குத் தேவைப்படாத ஒரு விவரம், பாலத் தூணைச் சுற்றி மண் அரிப்பதைக் கணக்கிடும்போது உயிர்நாடியாகிவிடலாம்.

எத்தனை முறை ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஓட்டம்தான் வேண்டுமென்றால் இந்த வழிகாட்டியின் பின்பாதி உங்களுக்குத் தேவையில்லை. முழு மாதிரியை இரவெல்லாம் ஓடவிடுங்கள்.

படி 2: நேரம் எங்கே போகிறது என்று அளந்து பாருங்கள்

ஒரு கணக்குப் போடுவோம். 500 சதுர கி.மீ. பரப்பை 10 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 50 லட்சம் கட்டங்கள் வரும். ஐந்து மீட்டர் ஆழ நீரில் அலையின் வேகம், ஈர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வினாடிக்கு 7 மீட்டர். ஓட்டத்தின் வேகம் 2 மீட்டரையும் சேர்த்தால் 9. வெளிப்படையான காலப்படி முறையில், அதாவது அடுத்த கணத்தின் விடையை இப்போதைய மதிப்புகளிலிருந்து நேரே கணக்கிடும் முறையில், ஒரு படிக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டக் கூடாது. 1928-இல் கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லூவி மூவரும் நிறுவிய நிபந்தனை இது. ஆகவே காலப்படி சுமார் 1.1 வினாடி. மூன்று நாளுக்கு 2.35 லட்சம் படிகள். மொத்தத்தில் ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி கட்டப் புதுப்பிப்புகள். கணினிச் செயலியின் ஒரு கோர் வினாடிக்கு ஒரு கோடி கட்டங்களைப் புதுப்பிக்கும் என்று கொண்டால் 33 மணி நேரம்.

கட்டத்தை 20 மீட்டராக்கினால் கட்டங்கள் நான்கில் ஒன்றாகும், காலப்படி இரட்டிக்கும். எட்டு மடங்கு லாபம். நான்கு மணி நேரத்தில் முடியும். 5 மீட்டராக்கினால் எட்டு மடங்கு நட்டம். பதினோரு நாள் ஆகும். இந்தக் கணக்கைத் தாளில் போட்ட பிறகே, நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும் புரொஃபைலரை ஓட்டுங்கள். ஆழம் அதிகமான ஒரே ஒரு கட்டம், அநேகமாக ஏரிக்குள் இருக்கும் ஒன்று, முழு நகரத்தின் காலப்படியையும் இழுத்துப் பிடித்திருப்பது அடிக்கடி தெரியவரும். கோப்பில் எழுதுவதற்கே கணிசமான நேரம் போவதும் உண்டு. ஒவ்வொரு படியிலும் சேமிப்பதை நிறுத்தினாலே சரியாகிவிடும் விஷயத்துக்குக் கணிதம் எதற்கு?

படி 3: கால அளவுகளை ஒப்பிடுங்கள்

இயற்பியலில் எது வேகமாக நடக்கிறது, எது மெதுவாக நடக்கிறது என்று பட்டியல் போடுங்கள். மிக வேகமாகச் சமநிலைக்கு வருவதைக் கணத்தில் நடந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். மிக மெதுவாக மாறுவதை மாறிலி என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பதற்குத்தான் சமன்பாடு தேவை.

செம்பரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி. உள்ளே 5 கி.மீ. தூரத்தை அலை கடக்க 12 நிமிடம் போதும். மறுபக்கம், வினாடிக்கு 29,000 கன அடி வெளியேறினாலும் ஒரு மணி நேரத்தில் குறைவது 104 மில்லியன் கன அடிதான், கொள்ளளவில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஏரியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள மட்ட வேறுபாடு, ஏரி நிரம்பும் வேகத்தைவிட மிக விரைவாகத் தீர்ந்துவிடுகிறது. எனவே ஏரிக்குள் கட்டமே தேவையில்லை. கொள்ளளவு மாற்றம் என்பது வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ற ஒரே சாதாரண வகைக்கெழுச் சமன்பாடும், நீர்மட்டம்–கொள்ளளவு அட்டவணையும் போதும். பல ஆயிரம் தெரியாக் கணியங்கள் ஒன்றாகிவிட்டன. காலப்படியை இழுத்துப் பிடித்திருந்த ஆழமான கட்டமும் கூடவே போய்விட்டது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் இப்படி ஒரு தொட்டியாக்கி, ஒக்கியம் மடுவை அதன் வாயாக வைக்கலாம். ஆனால் அங்கே நீர் ஆழமில்லை, செடிகளின் உராய்வு அதிகம், மட்டம் சமமாக நேரம் பிடிக்கும். ஒரே தொட்டியாக இல்லாமல் மூன்று நான்கு தொட்டிகளாகப் பிரிப்பது நல்லது.

படி 4: சமன்பாட்டின் உறுப்புகளைக் கழிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். வெள்ளத்துக்கான ஆழமற்ற நீர்ச் சமன்பாட்டில், செயின்ட் வெனான்ட் 1871-இல் தந்த ஒரு பரிமாண வடிவத்திலும் சரி, இன்றைய இரு பரிமாண வடிவத்திலும் சரி, உந்தச் சமன்பாட்டில் நான்கு வகை உறுப்புகள் உண்டு: காலத்தால் வரும் முடுக்கம், இடம் நகர்வதால் வரும் முடுக்கம், நீர்மட்டச் சரிவால் வரும் அழுத்தம், தரைச் சரிவுடன் உராய்வு.

எது சிறியது? ஓட்ட வேகத்தை அலை வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் ஃபுரூட் எண்ணைப் பாருங்கள். ஓட்டம் வினாடிக்கு 1.5 மீட்டர், அலை 7 மீட்டர் என்றால் எண் 0.21. நகர்வு முடுக்கத்துக்கும் அழுத்தச் சரிவுக்கும் உள்ள விகிதம் இதன் வர்க்கத்தை ஒட்டியது, அதாவது சுமார் 5 சதவீதம். 20 செ.மீ. பிழை பொறுக்கும் கேள்விக்கு அதைக் கழிக்கலாம். இரண்டு முடுக்கங்களையும் கழித்தால் மிஞ்சுவது விரவல் அலைச் சமன்பாடு. ஆற்றோட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருளின் இரு பரிமாணப் பகுதியில் முழுச் சமன்பாடு, விரவல் அலை இரண்டும் தேர்வாகக் கிடைக்கும்.

அடுத்து அழுத்தச் சரிவையும் கழித்தால் இயக்க அலைச் சமன்பாடு வரும். அது மிக வேகமானது. மலைச் சரிவில் ஓடும் ஓடைக்குப் பொருத்தமானதும்கூட. சென்னைக்கு அதைத் தொடாதீர்கள். இயக்க அலையில் செய்தி கீழ்நோக்கி மட்டுமே போகும். கடலில் நடப்பது ஆற்றுக்குத் தெரியாது. பின்னேற்றம், அதாவது கீழே தடைபட்ட நீர் மேல்நோக்கித் தேங்குவது, எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஆழத்தைச் சரிவால் வகுப்பது ஒரு தோராயம். ஆழம் 4 மீட்டர், சரிவு 5,000-க்கு 1 என்று கொண்டால் 20 கி.மீ. வருகிறது. அத்தனை தட்டையான ஊர் இது. ஓதம் ஏறியிருக்கும் நேரத்திலோ, அடையாறு முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருக்கும்போதோ நீர் பின்னால் தேங்குவதுதான் இங்கே வெள்ளத்தின் கதையில் பாதி. அந்த உறுப்பைக் கழித்தால் கிடைக்கும் பதில் வேகமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். அடிப்படையிலேயே தவறாகவும் இருக்கும். வரைபடத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பதுதான் இதில் ஆபத்து.

உறுப்பு குறைந்தால் வேகம் கூடும் என்ற எண்ணமும் எப்போதும் சரியல்ல. விரவல் அலையை வெளிப்படையான முறையில் தீர்க்கும்போது, அனுமதிக்கப்படும் காலப்படி கட்ட அளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. கட்டத்தைப் பாதியாக்கினால் செலவு எட்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு. நீர்மட்டம் ஏறத்தாழச் சமமாக இருக்கும் இடங்களில் காலப்படி இன்னும் சுருங்கி நொண்டும். பிரிஸ்டலில் லிஸ்ஃப்ளட்-எஃப்.பி. வெள்ள மாதிரியை வளர்த்த பால் பேட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010-இல் செய்தது அழகான காரியம். கழித்துவிட்டிருந்த கால முடுக்க உறுப்பை மட்டும் திரும்பச் சேர்த்தார்கள். சமன்பாட்டில் ஒரு உறுப்பு கூடியது. காலப்படி கட்ட அளவின் வர்க்கத்திலிருந்து விடுபட்டு, கட்ட அளவுக்கே நேர்விகிதமாக மாறியது. மாதிரி பல மடங்கு வேகமானது. மாதிரிச் சுருக்கத்தில் எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு இதுதான். சமன்பாட்டின் நீளத்தைப் பார்க்காதீர்கள். அதைக் கணினி தீர்க்கும் வழி என்ன கேட்கிறது என்று பாருங்கள்.

படி 5: கட்டத்தைப் பெரிதாக்கும்போது எதைக் காப்பாற்றுவது

10 மீட்டரிலிருந்து 20, 40 என்று போகும்போது சராசரி உயரம் பொய் சொல்லத் தொடங்கும். கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையின் மேடு சில மீட்டர் அகலம்தான். 40 மீட்டர் கட்டத்தில் சராசரி எடுத்தால் மேடு கரைந்து, தண்ணீர் தடையின்றிப் பாதையைக் கடந்துவிடும். நிஜத்தில் அது சுரங்கப்பாதை வழியாகவோ சிறுபாலம் வழியாகவோதான் வர முடியும். ஆகவே ரயில் மேடு, ஆற்றுக் கரை, உயர்ந்த சாலை ஆகியவற்றின் உச்சிக் கோட்டைக் கட்டத்தின் விளிம்பில் தனியாக வைத்து, உயரத்தை அங்கே எழுதுங்கள். சுரங்கப்பாதையை இரு கட்டங்களை இணைக்கும் குழாயாக வையுங்கள். பக்கிங்காம் கால்வாய் போன்ற குறுகிய நீர்வழியை ஒரு பரிமாணக் கோடாக வைத்து, பக்கத்துக் கட்டங்களோடு இணைத்துவிடலாம்.

தியாகராய நகர் போல வீடுகள் நெருங்கிய இடத்தில் 20 மீட்டர் கட்டத்துக்குள் தெருவும் இருக்கும், கட்டடமும் இருக்கும். தண்ணீர் நிற்கக் கட்டத்தில் எத்தனை சதவீதம் இடம் உண்டு, ஒவ்வொரு விளிம்பிலும் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது என்ற இரண்டு எண்களை நுண்ணிய வரைபடத்திலிருந்து ஒருமுறை கணக்கிட்டு வைத்தால், பெரிய கட்டமே பெரும்பாலும் சரியான மட்டத்தைத் தரும். கட்டத்துக்குள்ளிருக்கும் நுண்ணிய நில உயரத்தை மட்டம்–கொள்ளளவு அட்டவணையாக்கி வைப்பதும் இதே எண்ணம்தான்.

இந்த ஐந்து படிகளிலேயே பல வேலைகள் முடிந்துவிடும். அதற்கு மேலும் வேகம் வேண்டும், அதே மாதிரியை ஆயிரக்கணக்கில் ஓட்ட வேண்டும் என்றால்தான் அடுத்த படி.

படி 6: தீர்வுகளிலிருந்தே சிறிய மாதிரியைக் கட்டுவது

இப்போது வடக்கே போவோம். ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து சென்னை பல பத்தாண்டுகளாகத் தண்ணீர் எடுத்துவருகிறது. அளவுக்கு மீறி இறைத்ததில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. எந்தக் கிணற்றில் எவ்வளவு இறைத்தால் நீர்மட்டம் எங்கே எவ்வளவு இறங்கும் என்று கேட்கும் மாதிரியை, மோட்ஃப்ளோ போன்ற மென்பொருளில் 300-க்கு 300 கட்டம், நான்கு அடுக்கு என்று கட்டினால் 3.6 லட்சம் தெரியாக் கணியங்கள். ஓர் ஓட்டம் 40 நிமிடம் என்று கொள்வோம். மண்ணின் நீர்கடத்து திறனை அளவீடுகளோடு பொருத்த 5,000 ஓட்டம் வேண்டுமென்றால் 139 நாள் ஆகும்.

ஆனால் நீர்மட்டம் விரவிப் பரவும் ஒன்று. திடீர் மேடு பள்ளம் அதில் நிலைக்காது. 3.6 லட்சம் எண்கள் இருந்தாலும், நிஜமாக நடக்கும் மாற்றங்கள் எல்லாம் பத்து இருபது வடிவங்களின் கலவையாகவே இருக்கும். அந்த வடிவங்களைக் கண்டுபிடித்து, அவற்றின் கெழுக்களை மட்டும் தீர்க்கும் முறையின் பெயர் செங்குத்துப் பிரிப்பு; பலரும் பி.ஓ.டி. என்பார்கள். கொந்தளிப்பு ஓட்டத்துக்காக 1967-இல் லம்லி கொண்டுவந்தார். 1987-இல் சிரோவிச் தந்த ஸ்னாப்ஷாட் முறை அதைப் பெரிய மாதிரிகளுக்கும் எட்டச் செய்தது.

செய்முறை இது. முதலில், முழு மாதிரியைத் திட்டமிட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு கிணற்றுத் தொகுதியையும் தனித்தனியாக இறைக்கவிட்டும், மழை ஊறலைத் தனியாகக் கொடுத்தும், சில கலவைகளாகவும், மொத்தம் இருபது ஓட்டம் என்று வையுங்கள். ஓர் ஓட்டத்துக்கு 60 ஸ்னாப்ஷாட், அதாவது ஒவ்வொரு கணத்திலும் எல்லாக் கட்டங்களின் நீர்மட்டப் பதிவு. இவற்றைச் சம இடைவெளியில் எடுக்காதீர்கள். பம்பு போட்ட முதல் மணி நேரங்களில் மட்டம் விரைந்து இறங்கும். அங்கே நெருக்கமாகவும் பிறகு தள்ளித் தள்ளியும் எடுங்கள். ஸ்னாப்ஷாட்டில் தலைகாட்டாத ஒரு நடத்தை சுருக்கிய மாதிரியில் ஒருபோதும் வராது. இந்தப் படியில் காட்டும் அக்கறைதான் கடைசியில் பலன் தரும்.

ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிலிருந்தும் தொடக்க நீர்மட்டத்தைக் கழித்துவிடுங்கள். அப்போது கடலோரக் கட்டங்கள் போல மட்டம் மாறாத எல்லைகளில் பூச்சியம் தானாக நின்றுவிடும். எல்லை நிபந்தனைக்குத் தனிப் பாடு இல்லை. கடல் மட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதாக இருந்தால், அந்த எல்லையை நிறைவேற்றும் ஒரு தீர்வைத் தனியாகக் கணக்கிட்டு அதையும் கழிக்க வேண்டும்.

பிறகு 1,200 ஸ்னாப்ஷாட்டையும் நிரல்களாக அடுக்குங்கள். 3.6 லட்சம் வரிசை, 1,200 நிரல், ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் சுமார் 3.5 ஜி.பி. நல்ல மடிக்கணினியின் நினைவகத்துக்குள் அடங்கும் அளவுதான். இதற்கு சிங்குலர் மதிப்புப் பிரிப்பு செய்யுங்கள். வடிவங்களையும், ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று காட்டும் சிங்குலர் மதிப்புகளையும் தரும் கணக்கு இது. பைத்தானில் நம்பை, சைபை இரண்டிலும் இருக்கிறது. சதுர அணி முழுவதையும் கேட்காமல் ஒல்லியான வடிவத்தைக் கேளுங்கள், இல்லாவிட்டால் நினைவகம் வெடிக்கும். நினைவகம் போதவில்லை என்றால் 1,200-க்கு 1,200 உறவு அணியை மட்டும் கட்டி ஐகன் மதிப்பு எடுக்கலாம். ஆனால் அதில் சிங்குலர் மதிப்புகள் வர்க்கமாகிவிடும். பெரியதில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே உள்ளவை எல்லாம் இலக்கப் பிழையில் மூழ்கிவிடும். கட்டங்கள் வெவ்வேறு அளவு என்றால், அவற்றின் பரப்பையும் நீர்த்தேக்கக் கெழுவையும் பெருக்கி எடையிட்டுப் பிரிப்பு செய்யுங்கள்.

எத்தனை வடிவங்களை வைத்துக்கொள்வது? சிங்குலர் மதிப்புகளின் வர்க்கக் கூட்டலில் 99.99 சதவீதம் வரும்வரை என்பது வழக்கமான விதி. அதை மட்டும் நம்ப வேண்டாம். படுகை முழுக்க நீர்மட்டம் பருவத்தோடு ஏறி இறங்குவதே அந்தக் கூட்டலை நிரப்பிவிடும். உங்கள் கேள்வி ஒரே ஒரு கிணற்றைப் பற்றியது என்றால், அதைச் சுற்றியுள்ள சிறு குழிவு மீதி 0.01 சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கலாம். 5, 10, 15, 20 என்று வடிவங்களைக் கூட்டிக்கொண்டே போய், படி 1-இல் எழுதிய அளவில் பிழை எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். இறங்குவது நின்ற இடம் போதும். பதினைந்து என்று வைத்துக்கொள்வோம்.

கடைசியாக, நீர்மட்டம் என்பது தொடக்க மட்டத்தோடு பதினைந்து வடிவங்களின் கூட்டல் என்று சமன்பாட்டில் பிரதியிட்டு, அதே பதினைந்து வடிவங்களின் மேல் வீழ்த்துங்கள், அதாவது சமன்பாடுகளை ஒவ்வொரு வடிவத்தோடும் பெருக்கிக் கூட்டுங்கள். கலெர்கின் வீழல் என்பது இதுதான். 3.6 லட்சம் சமன்பாடுகள் 15 ஆகின்றன. விரவல் சமன்பாட்டின் அணி சமச்சீராகவும் நேர்மறையாகவும் இருப்பதால், சுருக்கிய மாதிரியும் நிலைகுலையாமல் ஓடும். நீரோடு கரைபொருள் அடித்துச் செல்லப்படும் கணக்குகளில் இந்த உத்தரவாதம் இல்லை. உப்பு பரவுவதைச் சுருக்கப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

நீர்கடத்து திறன் மாறும்போது ஒவ்வொரு முறையும் பெரிய அணியைத் திரும்பக் கட்டினால் லாபமெல்லாம் போய்விடும். படுகையை எட்டு மண்டலமாகப் பிரித்திருந்தால், பெரிய அணி எட்டுத் துண்டுகளின் கூட்டல். ஒவ்வொன்றின் முன்னும் அந்த மண்டலத்தின் கடத்து திறன் பெருக்கும் எண்ணாக நிற்கும். எட்டுத் துண்டையும் ஒருமுறை வீழ்த்தி 15-க்கு 15 அணிகளாக வைத்துக்கொண்டால், பிறகு எட்டுச் சிறிய அணிகளைக் கூட்டினால் போதும். கடத்து திறனையும் மாற்றி எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் அந்த இருபது ஓட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு: இருபது முழு ஓட்டத்துக்கு 13 மணி நேரம் 20 நிமிடம். சுருக்கிய மாதிரி ஓர் ஓட்டத்துக்கு 2 வினாடி என்று தாராளமாக வைத்தாலும் 5,000 ஓட்டம் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். 139 நாள் வேலை ஒரு நாளுக்குள் அடங்குகிறது.

படி 7: நேரியல் அல்லாத உறுப்பு வந்தால்

மேலடுக்கில் நீர்மட்டம் இறங்கினால் நீர் ஓடும் தடிமனும் குறைகிறது, அதாவது கெழுவே விடையைச் சார்ந்தது. அப்போது பதினைந்து எண்களை வைத்துக்கொண்டிருந்தாலும், ஒவ்வொரு படியிலும் 3.6 லட்சம் கட்டத்துக்கும் போய் அந்த உறுப்பைக் கணக்கிட வேண்டியிருக்கும். மாதிரி சிறியது, ஓட்டம் மட்டும் பழைய வேகம். பலர் இங்கே வந்து மனம் சோர்ந்துபோவார்கள். 2010-இல் சதுரந்தபுத், சோரன்சன் இருவரும் தந்த டெய்ம் முறை இதற்குத்தான். நேரியல் அல்லாத உறுப்பின் ஸ்னாப்ஷாட்டுகளுக்கும் தனியாக வடிவங்கள் எடுத்து, அந்த வடிவங்களின் எண்ணிக்கைக்குச் சமமான கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுக்கும். அந்தச் சில கட்டங்களில் உறுப்பைக் கணக்கிட்டு மற்ற இடங்களுக்கு இடைக்கணிப்பு செய்யும். முப்பது கட்டத்தில் வேலை முடியும்.

படி 8: வெள்ளம் ஏன் அப்படிச் சுருங்காது

இதே உற்சாகத்தோடு அடையாற்றுக்குத் திரும்பி, நீரின் ஆழத்துக்கு வடிவங்கள் எடுத்தால் ஏமாற்றம்தான். காரணத்தைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். நூறு கட்டம் கொண்ட ஒரு கால்வாயில் நனைந்த பக்கம் 1, காய்ந்த பக்கம் 0 என்று வையுங்கள். நீரின் முன்விளிம்பு ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டம் நகரட்டும். நூறு ஸ்னாப்ஷாட்டை அடுக்கினால் முக்கோண அணி வரும். அதன் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை, முழு நூறு. எதையும் வீச முடியாது. நகரும் விளிம்பை நிலையான வடிவங்களின் கூட்டலாக எழுதுவது அவ்வளவு கடினம். துண்டித்து எழுதினால் விளிம்பின் இருபுறமும் அலை அலையாக ஊசலாடும். காய்ந்த தெருவில் ஆழம் எதிர்மறையாக வரும்.

உங்கள் மாதிரி எந்த வகை என்று அறிய இதைவிட நல்ல சோதனை இல்லை: ஒரே ஓட்டத்தின் ஸ்னாப்ஷாட்டுகளுக்கு சிங்குலர் மதிப்புகளை மடக்கை அளவில் வரையுங்கள். செங்குத்தாக விழுந்தால் படி 6 உங்களுக்கானது. சோம்பலாகச் சரிந்தால் வேறு வழி தேடுங்கள்.

வேறு வழி, கேள்விக்கே திரும்பிப் போவது. எச்சரிக்கை கொடுப்பவருக்கு ஒவ்வொரு நிமிட ஆழமும் தேவையில்லை. ஒவ்வோர் இடத்திலும் உச்ச மட்டம், உச்சம் வரும் நேரம் இரண்டும் போதும். மழையும் ஏரித் திறப்பும் சற்று மாறினால் உச்ச மட்டமும் சற்றுத்தான் மாறும். காலத்தில் நகரும் விளிம்பு கணக்கிலிருந்தே போய்விட்டது. ஆழத்தை விட்டுவிட்டுக் கடல் மட்டத்திலிருந்து நீர்ப்பரப்பின் உயரத்தை எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. காய்ந்த கட்டங்களுக்குப் பக்கத்து நீர்ப்பரப்பை நீட்டி எழுதி, கடைசியில் தரை உயரத்தைக் கழித்து, எதிர்மறை வந்தால் பூச்சியமாக்கிவிடலாம்.

படி 9: பதிலி மாதிரி

முழு மாதிரியை ஓட்டாமலே, உள்ளீடுகளிலிருந்து விடையை நேரே ஊகிக்கும் பொருத்தல்தான் பதிலி மாதிரி. மொத்த மழை, மழை எவ்வளவு நேரத்துக்குள் குவிந்தது, ஏரியிலிருந்து உச்சத் திறப்பு, கடல் மட்டம், தொடக்கத்தில் ஏரி குளங்களின் நிரம்பல் என ஐந்து உள்ளீடுகள் என்று வைப்போம். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பு என்றால் ஒரு லட்சம் ஓட்டம், முடியாது. 1979-இல் மெக்கே, பெக்மன், கோனோவர் தந்த இலத்தீன் ஹைப்பர்கியூப் தேர்வு இதற்கு வழி. 200 ஓட்டம்தான் முடியும் என்றால் ஒவ்வோர் உள்ளீட்டின் எல்லையையும் 200 சம பாகமாக்கி, ஒவ்வொரு பாகமும் ஒரே ஒரு முறை வரும்படி கலைத்து எடுப்பது. 20 மீட்டர் கட்டத்தில் ஓட்டம் நான்கு மணி நேரம் என்றால் மொத்தம் 800 மணி நேரம். 16 கணினிகளில் இரண்டு நாள் சொச்சம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்டிலேயே முடித்து வைத்துவிடலாம்.

சோதனைக்கு 30-ஐ ஒதுக்கிவிட்டு (படி 10), மீதி 170 உச்ச மட்ட வரைபடங்களுக்கும் வடிவங்கள் எடுத்து, ஒவ்வொரு வடிவத்தின் கெழுவையும் ஐந்து உள்ளீடுகளின் சார்பாக காஸியன் செயல்முறை என்ற புள்ளியியல் இடைக்கணிப்பு வழியே பொருத்துங்கள். இந்த முறையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், அது விடையோடு தன் ஐயத்தின் அளவையும் சேர்த்துத் தரும். 200 ஓட்டத்துக்கு ஆழ்கற்றல் வலையமைப்பு தேவையில்லை. தரவு ஆயிரக்கணக்கில் சேரும்போது யோசிக்கலாம். பொருத்தலே வேண்டாம், ஓட்டி வைத்த காட்சிகளில் நெருங்கியதைத் தேடி எடுத்தால் போதும் என்பதும் மதிக்கத்தக்க வழிதான். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் சென்னைக்காக உருவாக்கிய வெள்ள எச்சரிக்கை முறையில், முன்கூட்டியே கணக்கிட்டுச் சேர்த்த வெள்ளக் காட்சிகளின் தொகுப்பு இடம்பெற்றிருக்கிறது.

படி 10: நம்புவதற்கு முன்

பொருத்தப் பயன்படுத்தாத ஓட்டங்களை மட்டும் வைத்துச் சோதியுங்கள். 200-இல் 30-ஐ முதலிலேயே எடுத்து ஒதுக்கிவிடுங்கள். சராசரிப் பிழையைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மிக மோசமான ஓட்டத்தில், மிக மோசமான இடத்தில் பிழை எவ்வளவு என்று பாருங்கள். அந்த இடம் ஒரு சுரங்கப்பாதைக்கோ ரயில் மேட்டுக்கோ பக்கத்தில் இருந்தால் படி 5-க்குத் திரும்புங்கள்.

நிஜ நிகழ்வுகளையும் தனியே வையுங்கள். 2015 டிசம்பரும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் மழையும் பொருத்தலுக்குள் போகக் கூடாது. அவற்றின் மழையைக் கொடுத்து, முழு மாதிரி, சுருக்கிய மாதிரி, களத்தில் பதிவான நீர்மட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சுருக்கியது முழுதோடு ஒத்து, இரண்டும் களத்தோடு ஒத்துவரவில்லை என்றால் கோளாறு சுருக்கத்தில் இல்லை. முழு மாதிரியின் மழைத் தரவிலோ நில உயரத்திலோ இருக்கிறது. வேகம் கூடியதால் பிழை குறைந்துவிடாது. இரண்டு பிழைகளையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

தண்ணீர்க் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். முழு மாதிரி நீரின் பருமனைக் காப்பாற்றும். சுருக்கியதும் பதிலியும் தாமாகக் காப்பாற்றாது. மீஞ்சூர் மாதிரியில் இறைத்த அளவும் ஊறிய அளவும் தேக்க மாற்றத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் நிரலே சொல்லும்படி எழுதுங்கள். சுருக்கிய விடையைப் பெரிய சமன்பாட்டில் திரும்ப இட்டு எச்சத்தை, அதாவது சமன்பாடு எவ்வளவு நிறைவேறாமல் நிற்கிறது என்பதை, அவ்வப்போது அளப்பதும் நல்லது. எச்சம் திடீரென்று பெரிதானால், ஸ்னாப்ஷாட்டில் இல்லாத இடத்துக்கு மாதிரி போயிருக்கிறது என்று பொருள்.

பதிலி பழகிய எல்லைகளை நிரலுக்குள்ளேயே எழுதி வையுங்கள். 24 மணி நேரத்தில் 45 செ.மீ. மழை வரை ஓட்டியிருக்கிறீர்கள், உள்ளீடு 49 என்று வருகிறது என்றால், நிரல் எண் எதையும் தராமல் ‘எல்லைக்கு வெளியே’ என்று சொல்லி நிற்க வேண்டும். அதே நேரம் 40 மீட்டர் கட்டத்தில் விரைவான முழு ஓட்டம் ஒன்றைத் தானாகத் தொடங்க வேண்டும். எட்டு மடங்குக் கணக்குப்படி அது அரை மணி நேரத்தில் முடியும்.

ஆறு மாறினாலும் மாதிரி காலாவதியாகும். முகத்துவாரத்து மணல்திட்டைத் திறந்தார்கள், ஒரு மூடுகால்வாய் புதிதாக வந்தது, ஒரு பாலம் கட்டினார்கள் என்றால் 200 ஓட்டத்தையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மாறிய இடத்தின் பின்னேற்ற தூரத்தைப் படி 4-இல் சொன்னபடி கணக்கிட்டு, அந்தத் தூரத்துக்குள் உச்ச மட்டம் கூடுதலாக உயர்ந்த இருபது ஓட்டங்களை மட்டும் புதிய நிலையில் ஓட்டி, பழைய விடையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் படி 1-இல் எழுதிய 20 செ.மீ.-க்குள் நின்றால் இந்தப் பருவத்துக்கு அதே மாதிரி போதும். தாண்டினால், அந்த இருபதையும் சேர்த்துக்கொண்டு மீதியை ஆகஸ்டில் ஓட்டுங்கள்.